மேடைக்குப் பணம் கட்டுகிறவர்களுக்கு

புவனகிரி, கீரப்பாளையம், சேத்தியாத்தோப்பு, மருதூர் வட்டாரத்துக் கோயில் திருவிழாக் குழுவினர் அனைவருக்கும்,



சித்திரையில் காப்புக் கட்டினால் ஆடி, ஆவணி வரை நம் பக்கத்தில் ஊருக்கு ஒரு திருவிழா. தீமிதி, செடல், சாகை வார்த்தல், தெப்பம் என்று வழக்கம் ஊருக்கு ஊர் மாறினாலும் நோட்டீஸ் என்னவோ ஒரே அச்சில்தான் வருகிறது. உபயதாரர் பெயர்கள், அபிஷேக நேரம், அன்னதானம், வாணவேடிக்கை, அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் 'மாபெரும் ஆடல் பாடல் நிகழ்ச்சி'. இந்த மடல் அந்தக் கடைசி வரியைப் பற்றியது. அதைத் தடை செய்யுங்கள் என்று கேட்பதற்காக எழுதவில்லை. பண்பாடு கெட்டுவிட்டது என்று புலம்புவதற்கும் இல்லை. அந்தப் புலம்பலை எல்லாத் தலைமுறையும் புலம்பித் தீர்த்தாயிற்று. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: பெண் உடம்பைக் காட்டிக் காசு பார்க்கும் தொழிலுக்கு ஊர் நடுவில் மரியாதையான இடம் கிடைத்துவிட்டது. அந்தத் தொழிலைச் செய்யும் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. அந்த இடத்தைக் கொடுத்தவர்கள் நீங்கள் என்பதால் அந்தப் பெண்ணுக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

எல்லா ஆடல் பாடல் செட்டும் ஒன்றல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எம்.ஜி.ஆர்., சிவாஜி, ரஜினி வேடம் கட்டி ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். பலகுரல் வித்தைக்காரர்களும் நல்ல பாடகர்களும் இருக்கிறார்கள். முதல் ஒன்றரை மணி நேரத்தைக் குடும்பத்தோடு உட்கார்ந்து யாரும் பார்க்கலாம். பிறகு ஒரு கட்டத்தில் பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு குழந்தைகளோடு எழுந்து போவார்கள். யாரும் போகச் சொல்வதில்லை, ஆனாலும் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு நடப்பதைத்தான் பேசுகிறேன். அதை ஏற்பாடு செய்தவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தொழில் ஒரு காலத்தில் பின்வாசல் வழியாகத்தான் நடந்தது. காலைக் காட்சி, மஞ்சள் பத்திரிகை, கடையின் உள்ளறையில் கைமாறும் சி.டி. என்று மறைவிடங்கள் இருந்தன. இன்று மறைவிடம் தேவைப்படவில்லை. அமெரிக்க நீலப்பட உலகில் பேர் வாங்கிய சன்னி லியோன் 2011இல் இந்தி 'பிக் பாஸ்' வீட்டுக்குள் வந்தார். 2014இல் 'வடகறி' படத்துக்காக ஒரு பாட்டுக்கு ஆடினார். அவர் தன் பிழைப்பைப் பார்க்கிறார், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கவனிக்க வேண்டியது நம் கூடத்தின் கதவு எவ்வளவு சத்தமில்லாமல் திறந்தது என்பதை. 'உல்லு' என்ற செயலி, படுக்கையறைத் தொடர்களை மாதச் சந்தாவுக்கு விற்றே வளர்ந்தது. 2024 பிப்ரவரியில் பங்குச் சந்தையில் பங்கு வெளியிடவே அது விண்ணப்பம் போட்டது. அடுத்த ஒன்றரை ஆண்டுக்குள், 2025 ஜூலையில், ஒன்றிய அரசு முடக்கச் சொன்ன 25 செயலிகளின் பட்டியலில் அதே 'உல்லு' இருந்தது. ஊர்ப் பணத்தைத் திரட்டும் அளவுக்கு மதிப்பான கம்பெனி, ஊர் பார்க்கக் கூடாத சரக்கு என்று இரண்டு பட்டமும் ஒரே கம்பெனிக்கு. இதெல்லாம் பம்பாய்க்காரர்கள் விவகாரம் என்று நாம் நினைக்கலாம். ஆனால் நம் மேடையில் இந்தக் கதவு இணையம் வருவதற்கு வெகு முன்பே, ரெக்கார்டு டான்ஸ் என்று பேர் வைத்த காலத்திலேயே திறந்துவிட்டது.

தொழில் மேலே போகும், ஆள் கீழேயே நிற்பாள் என்பதற்கு இரண்டு பெயர்களைச் சொல்கிறேன். மர்லின் மன்றோ கையில் காசில்லாத 1949ஆம் ஆண்டு ஒரு நாட்காட்டிப் படத்துக்கு ஆடையின்றி நின்றார். கூலி 50 டாலர். அந்தப் படத்தின் உரிமையை நாட்காட்டிக் கம்பெனியிடமிருந்து 500 டாலருக்கு வாங்கித்தான் 1953 டிசம்பரில் ஹியூ ஹெஃப்னர் 'பிளேபாய்' முதல் இதழை அச்சடித்தார். ஐம்பதாயிரத்துக்கு மேல் விற்றது. மன்றோவை யாரும் கேட்கவும் இல்லை, அவருக்குச் சல்லிக்காசு போகவும் இல்லை. ஹெஃப்னர் கோடீசுவரரானார், எழுத்தாளர்களின் நண்பரானார், கடைசியில் மன்றோவின் கல்லறைக்குப் பக்கத்து இடத்தையே விலைக்கு வாங்கி 2017இல் அங்கே அடக்கமானார். செத்த பிறகும் அவளைக் கேட்கவில்லை.

இன்னொருவர் நமக்கு நெருக்கமானவர். ஏலூர்ப் பக்கத்திலிருந்து வந்த விஜயலட்சுமி 1980இல் 'வண்டிச்சக்கரம்' படத்தில் சில்க் என்ற சாராயக்கடைப் பெண்ணாக நடித்தார், அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அந்தப் பத்தாண்டில் முடங்கிக் கிடந்த படங்களைக்கூட சில்க் ஸ்மிதாவின் ஒரு பாட்டைச் சேர்த்து வியாபாரம் முடித்தார்கள். 'அலைகள் ஓய்வதில்லை' படத்தில் அவர் நடிக்கத் தெரிந்தவர் என்பதைப் பார்த்த பிறகும் அந்த ஒரு பாட்டுக்குத்தான் கூப்பிட்டார்கள். 1996 செப்டம்பரில் சென்னையில் உயிரை மாய்த்துக்கொண்டபோது வயது 35. பிறகு அந்த ஆட்டம் நின்றுபோகவில்லை. ஆடுவதற்குத் தனியாக ஒரு நடிகை தேவைப்படாத அளவுக்கு அது பொதுவாகிவிட்டது. கதாநாயகிகளே ஆடினார்கள், படத்துக்கு 'யு' சான்றிதழும் கிடைத்தது. சில்க் செத்துப் பதினைந்து ஆண்டு கழித்து அவர் வாழ்க்கையின் சாயலில் 'தி டர்ட்டி பிக்சர்' என்று ஓர் இந்திப் படம் வந்தது. அதில் நடித்த வித்யா பாலனுக்குத் தேசிய விருது கொடுத்தார்கள். நடிப்புக்கு அது தகுந்த விருதுதான். ஆனால் அந்த வாழ்க்கையை வாழ்ந்தவளுக்குக் கிடைக்காத மரியாதை, அதை நடித்துக் காட்டியவருக்குக் கிடைத்தது.

உங்கள் மேடையில் நடப்பதும் இதே கணக்குதான், அளவு மட்டும் சிறியது. ஏஜென்ட் உங்களோடு சமமாக உட்கார்ந்து டீ குடித்துப் பேரம் பேசுவார். ஒலி, ஒளி அமைப்பாளருக்கு மேடையில் சால்வை போடுவீர்கள். உபயம் செய்தவர் பெயரை நான்கு தடவை மைக்கில் சொல்வீர்கள். ஆடிய பெண் பெயர் அறிவிக்கப்படாது; அறிவித்தாலும் அது ஏதோ ஒரு நடிகையின் பெயராக இருக்கும். உடை மாற்ற மேடைக்குப் பின்னால் நாலு கம்பு நட்டுத் தார்ப்பாய் கட்டியிருக்கும், அதைச் சுற்றி விடலைகள் நிற்பார்கள். கழிப்பறைக்கு எங்கே போவது என்று அவள் யாரைக் கேட்பாள்? மேடையில் மைக் எல்லார் கையிலும் ஏறி இறங்கும், அவள் கைக்கு மட்டும் வராது. பாட்டு இன்னொருத்தியின் குரல், வார்த்தை இன்னொருவர் எழுதியது. அவளுக்கென்று விட்டுவைத்தது உடம்பு மட்டும்.

"அந்தக் காலத்துக் கூத்தில் இல்லாத பச்சையா?" என்று உங்களில் பலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கட்டியக்காரன் பேசாத பேச்சில்லை. கரகாட்டத்திலும் நையாண்டியிலும் இரட்டை அர்த்தம் இல்லாத இரவில்லை. காமத்தைப் பேசியது தப்பென்று நான் சொன்னால் நம் இலக்கியத்தில் பாதியை ஆற்றில் விட வேண்டும். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. கட்டியக்காரன் வாய் அவனுடைய வாய். ராஜாவையும் பண்ணையாரையும் குழுத்தலைவரையும் தன்னையுமே கிண்டலடிக்க அவனுக்கு உரிமை உண்டு, சபை சிரித்துக்கொண்டு வாங்கிக்கொள்ளும். பார்க்கிறவனுக்கும் ஆடுகிறவனுக்கும் நடுவில் ஒரு கலை இருந்தது. அதை ஆடியவருக்கு வாத்தியார் என்று பேர் இருந்தது. அந்த மரபிலும் சீரழிவு புகுந்தது உண்மை. ஒரு சமூகத்தின் பெயரை வைத்துக்கொண்டு அந்தச் சமூகத்துப் பெண்ணை இழிவாகக் காட்டியதால்தான் குறவன் குறத்தி ஆட்டத்துக்கு 2023இல் தமிழ்நாடு அரசு தடை போட வேண்டியதாயிற்று. ஆகவே பழசெல்லாம் சுத்தம் என்ற வாதம் எனக்கில்லை.

ஆனால் நம் தென்னாற்காட்டுப் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில்கள் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாரதம் படித்துக் கூத்து நடத்தித் தீமிதியில் முடிக்கிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அந்தக் கூத்தில் துகிலுரிதல் இரவு எப்படி நடக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். துச்சாதனன் வேடம் கட்டியவர் சேலையில் கைவைப்பதற்கு முன் கற்பூரம் ஏற்றி, "தாயே, இது வேடத்துக்காகச் செய்வது, பொறுத்துக்கொள்" என்ற பொருள்பட வேண்டிக்கொள்வார். திரௌபதியாக நிற்பவரும் ஆண்தான். அது நடிப்பு என்று ஊருக்கே தெரியும். தெரிந்தும், ஒரு பெண்ணின் ஆடையில் சபை நடுவே கைவைப்பதைச் சும்மா செய்துவிடக் கூடாது என்று நம் தாத்தாக்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். பார்க்கிற ஊர் பாண்டவர்களைப் போலத் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும். அதே அம்மன் பெயரில் போட்ட பந்தலில், அதே வாரத்தில், நிஜமான ஒரு பெண் மேடையில் நிற்கும்போது ஊர் விசிலடிக்கிறது. தலைகுனிய வேண்டிய இடம் எது என்ற கணக்கு தலைகீழாகிவிட்டது. மரபைத் துணைக்கு அழைக்கிறவர்கள் இந்த மரபையும் சேர்த்து அழைக்க வேண்டும்.

"கையில் இருக்கிற போனில் இல்லாததா மேடையில் இருக்கிறது?" என்பது இளவட்டங்கள் சொல்லும் பதில். உண்மைதான், போனில் இதைவிட ஆயிரம் மடங்கு இருக்கிறது. 2015இல் 857 ஆபாசத் தளங்களை அடைத்தார்கள், சில நாளில் பின்வாங்கினார்கள். 2018இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 827 தளங்களை அடைத்தார்கள். பார்க்கிறவன் வேறு வழி கண்டுபிடித்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். ஆனால் போனில் பார்க்கிற பையன் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிறான். அது ஊரறியச் செய்கிற காரியமல்ல என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் மேடை அந்தத் தயக்கத்தை எடுத்துவிடுகிறது. அப்பா இருக்கிறார், பெரியப்பா இருக்கிறார், வார்டு உறுப்பினர் நோட்டைச் சுருட்டிக்கொண்டு மேடையேறுகிறார். பதினான்கு வயதுப் பையன் அன்றிரவு கற்றுக்கொள்வது காமத்தை அல்ல, அது எப்படியும் வந்து சேரும். பணம் கொடுத்தால் ஒரு பெண்ணைச் சபை நடுவில் எப்படி வேண்டுமானாலும் நடத்தலாம், பெரியவர்கள் கைதட்டுவார்கள் என்பதைக் கற்றுக்கொள்கிறான். பெண்களைப் படம்பிடித்து மிரட்டிய பொள்ளாச்சி பாலியல் வழக்கில் 2025 மே மாதம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை சிறை என்று தீர்ப்பு வந்தபோது நாமெல்லாம் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். அந்தக் குற்றத்துக்கும் ஆடல் பாடலுக்கும் நேர்க்கோடு போட என்னிடம் ஆதாரமில்லை, போடவும் மாட்டேன். ஆனால் பெண்ணைப் படம்பிடித்து வைத்துக்கொண்டால் அவள் நம் கைக்குள் என்ற எண்ணம் வானத்திலிருந்து குதிப்பதில்லை.

போன் இன்னொன்றையும் செய்துவிட்டது. முன்பெல்லாம் ஓர் ஊரில் ஆடிய ஆட்டம் அந்த ஊரோடு போயிற்று. விடிந்தால் அவள் பஸ் ஏறிவிடுவாள். இப்போது மேடைக்கு முன்னால் நூறு கேமரா. மறுநாள் காலைக்குள் ஊர் பெயரும் கோயில் பெயரும் போட்டு, கேவலமான தலைப்போடு யூடியூபில் ஏறிவிடுகிறது. பார்வைக்குப் பார்வை காசு வருகிறது, ஏற்றியவனுக்கு. ஓரிரவுக்குக் கூலி வாங்கியவள் ஆயுள் முழுக்க ஆடிக்கொண்டிருக்கிறாள். அவள் பெண் குழந்தை பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதும் அந்தப் படம் ஓடிக்கொண்டிருக்கும். 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்கப் படங்கள் இணையத்தில் பரவிய வழக்கில், 48 மணி நேரத்துக்குள் அவற்றை நீக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. சட்டம் படித்த பெண்ணே நீதிமன்றத்துக்குப் போய்த்தான் அதைப் பெற வேண்டியிருந்தது என்றால், ஓர் ஆட்டக்காரிக்காக யார் மனுப் போடுவார்கள்?

"போலீஸ் அனுமதி இருக்கிறது, கோர்ட் உத்தரவு இருக்கிறது" என்ற பதிலும் வரும். உயர் நீதிமன்றம் விதிக்கும் நிபந்தனைகளை நோட்டீஸ் மாதிரியே எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம்: ஆபாச அசைவு கூடாது, அரைகுறை ஆடை கூடாது, சாதி, கட்சிப் பாட்டு கூடாது, குறித்த நேரத்தில் முடிக்க வேண்டும். எல்லாம் சரி. ஆனால் அவை பெரும்பாலும் ஊர் அமைதியையும் பார்க்கிறவர் கண்ணையும் காப்பாற்றுகிற நிபந்தனைகள். ஆடுகிறவரின் கூலி, பாதுகாப்பு, திரும்பிப்போகும் வண்டி பற்றிய பேச்சு அவற்றில் வருவதில்லை. மீறினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 296ஆவது பிரிவு, அதாவது பழைய இ.பி.கோ. 294: மூன்று மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். பொது இடத்தில் ஆபாசமாக நடந்துகொண்டவர், பாடியவர் என்று செய்தவரைத்தான் அந்தப் பிரிவு சுட்டுகிறது. அமைப்பாளர்கள் மீதும் வழக்குப் போடுவதுண்டு. ஆனால் "இன்னும் கொஞ்சம்" என்று கீழேயிருந்து கத்தியவன் மீது போட்டதாக யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

அப்படியானால் ஒரேயடியாக நிறுத்திவிடலாமே என்று உங்களில் பெரியவர்கள் சிலர் சொல்வீர்கள். நிறுத்திப் பார்த்த ஊரின் கதை இருக்கிறது. மகாராட்டிர அரசு 2005இல் நடன பார்களைத் தடை செய்தது. மூன்று நட்சத்திர ஓட்டல்களுக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் விலக்கு! ஏழை பார்த்தால் ஆபாசம், பணக்காரன் பார்த்தால் கலை. சுமார் 75,000 பெண்கள் வேலையிழந்ததாக வழக்கில் சொல்லப்பட்டது; பலர் இதைவிட மோசமான தொழிலுக்குத் தள்ளப்பட்டார்கள். 2006இல் பம்பாய் உயர் நீதிமன்றமும் 2013இல் உச்ச நீதிமன்றமும் தடை செல்லாது என்றன. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் உங்களுக்குப் பயன்படும்: ஆடலாம், விரும்பினால் அன்பளிப்பு கொடுக்கலாம், ஆனால் பணத்தை மேலே வீசக் கூடாது; ஆடுகிறவரோடு எழுத்து ஒப்பந்தம் இருக்க வேண்டும்.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. முத்துலட்சுமி ரெட்டி அதற்காகப் போராடியது சரியானது, மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் போராடியதும் சரியானது. வழக்கம் ஒழிந்தது. ஆனால் அந்தப் பெண்களின் ஆட்டம் அவர்கள் கையை விட்டுப் போய், வேறு வீட்டுப் பெண்களின் சலங்கையில் கௌரவமானது. 1981 முதல் சிதம்பரத்தில் மகா சிவராத்திரிக்கு நாட்டியாஞ்சலி நடக்கிறது, உலகமெங்குமிருந்து வந்து ஆடுகிறார்கள், நாமும் பெருமையோடு போய்ப் பார்க்கிறோம். பார்க்க வேண்டியதும்தான். சிதம்பரத்திலிருந்து புவனகிரி கூப்பிடு தூரம். அந்த மேடைக்கும் நம் ஊர் மேடைக்கும் நடுவில் இருக்கும் தூரம் ஆட்டத்தின் தரத்தால் மட்டும் வந்ததல்ல, ஆடுகிறவர் யார் வீட்டுப் பெண் என்பதாலும் வந்தது.

ஆகவே தடையும் வேண்டாம், இப்போது இருப்பது போலக் கண்ணை மூடிக்கொள்வதும் வேண்டாம். உங்களிடம் அரசாங்கத்திடம் இல்லாத ஓர் அதிகாரம் இருக்கிறது: நீங்கள் வாங்குகிறவர்கள். அட்வான்ஸ் கொடுக்கும்போது ஏஜென்ட் சொல்வதற்கெல்லாம் தலையாட்டாமல் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்குங்கள். ஆடுகிற ஒவ்வொருவரும் பதினெட்டு வயது நிறைந்தவர் என்பதற்கு அடையாள அட்டை பாருங்கள். அவர் கூலியை அவர் கணக்கிலேயே போடுங்கள், ஏஜென்டின் பங்கு தனியாக இருக்கட்டும். உடை மாற்றப் பூட்டுள்ள ஓர் அறை, பள்ளிக்கூடமோ சமுதாயக் கூடமோ, கழிப்பறையோடு கொடுங்கள். மேடையில் கலைஞர் தவிர ஒருவரும் ஏறக் கூடாது, உபயதாரராக இருந்தாலும் சரி, கட்சிக்காரராக இருந்தாலும் சரி. நோட்டைக் குத்துவது, வீசுவது கூடாது; கொடுக்க நினைப்பவர் உண்டியலில் போடட்டும், நிகழ்ச்சி முடிந்ததும் எல்லாக் கலைஞர்களுக்கும் பிரியட்டும். படம் பிடித்து ஏற்றினால் அபராதம் என்று தண்டோரா போடுங்கள், நோட்டீஸிலும் அச்சடியுங்கள். இந்தப் பாட்டுக்கு ஆட மாட்டேன் என்று சொல்லும் உரிமை ஆடுகிற பெண்ணுக்கு உண்டு என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

இப்படிச் செய்தால் கூட்டம் குறையும் என்பீர்கள். நடுராத்திரிக் கூட்டம் குறையலாம். பாயைச் சுருட்டிக்கொண்டு போனவர்கள் கடைசி வரை உட்காரலாம். அதைப் பரீட்சை செய்து பார்க்க ஒரு வருடம் போதும். திருவிழாவுக்கு வசூலிக்கும் தலைக்கட்டு வரி எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான். கணவனை இழந்து தனியாக இருக்கிறவளும் கட்டுகிறாள், நூறு நாள் வேலைக்குப் போகிறவளும் கட்டுகிறாள். அந்தப் பணம், பாதி இரவில் அவர்கள் எழுந்து போக வேண்டிய நிகழ்ச்சிக்கும் செலவாகிறது. இதை அவர்களிடம் கேட்டு முடிவு செய்த குழு எத்தனை? குழுவில்தான் பெண்கள் எத்தனை பேர்?

அடுத்த ஆண்டுக் காப்புக் கட்டுக்கு முன்னால் கூட்டம் போடுவீர்கள். வாணவேடிக்கைக்கு எவ்வளவு, பூ அலங்காரத்துக்கு எவ்வளவு என்று பேசும்போது இந்தச் செலவையும் பேச்சுக்கு எடுங்கள். அந்தக் கூட்டத்துக்கு வரி கட்டும் வீட்டுப் பெண்களையும் கூப்பிடுங்கள், ஏஜென்டை அதற்குப் பிறகு கூப்பிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் வட்டாரத்துக்காரன்
புவனகிரி